வராதவரின் நாற்காலி

நகர்மன்றத்தில் அவரை எல்லோரும் நாற்காலிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தோரு வருஷமாகக் கூட்ட அறையைப் பெருக்கி, மேசை துடைத்து, இருபத்து மூன்று நாற்காலிகளை வரிசையாகப் போடுகிற கடைநிலை ஊழியர். உறுப்பினர்கள் இருபத்திரண்டு பேர். மிச்சமிருக்கும் ஒன்று, இனிமேல் பிறக்கப் போகிறவர்களுக்கு. அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது: அந்த நாற்காலி அறையில் இருக்கும்வரை, ஏரி குளத்தை விற்கிற எந்தத் தீர்மானமும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். எழுதிய மகராசர்கள் நன்றாக இருக்கட்டும். தினம் தூக்கித் துடைத்து இடுப்பு போனது இவருக்கு.

வருகைப் பதிவேட்டிலும் அதற்கு ஒரு வரி உண்டு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் இவரே "வரவில்லை" என்று எழுதிவைப்பார். பிறக்காத பிள்ளை எப்படி வரும்? ஏரியை விற்கிற நாள் வரும்வரை யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அன்று செயலாளர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு எழுந்தார். "தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வராத உறுப்பினருக்குப் பதவி போயிடும். விதி இருக்கு. இவர் ஒரு கூட்டத்துக்குக்கூட வந்ததில்லை."

உறுப்பினர்கள் சிரித்தார்கள். நாற்காலிக்காரர் பதிவேட்டை எட்டிப் பார்த்தார். எழுதிய கை அவருடையது. ஏரிக்கரையில் அவரோடு இருக்கும் மகளுக்கு இது ஏழாம் மாதம். குழாயில் வருவது அந்த ஏரித் தண்ணீர்தான்.

"ஐயா, வரலைன்னு எழுதினது என் தப்பு. இன்னும் நேரம் வரலைன்னு எழுதியிருக்கணும்."

"சரிப்பா, நாற்காலியைத் தூக்கி வெளியே போடு," என்றார் தலைவர்.

பழக்கதோஷம், கை நாற்காலி வரை போய்விட்டது. அப்புறம் தானாகத் தளர்ந்தது. "முடியலைங்கய்யா."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு எப்பவும் போலத்தான். தூக்க மாட்டேன்."

வேறு கடைநிலை ஊழியர் கிடையாது. தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் மின்விசிறியைப் பார்த்தார். நாற்காலி தூக்குவது கடைநிலை ஊழியர் வேலை. அதைத் தொட்டுவிட்டால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? இருபத்திரண்டு பெரிய மனிதர்களும் அரை மணி நேரம் உட்கார்ந்து மானம் காத்தார்கள். கடைசியில் தீர்மானம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. இவருக்கு வேலைநீக்க உத்தரவு மட்டும் சுடச்சுடத் தட்டச்சாகி வந்தது.

பேருந்தில் நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தார். "வேலை போச்சும்மா," என்றார் மகளிடம்.

"ஏம்ப்பா, என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. ஒரு நாற்காலியைத் தூக்கச் சொன்னாங்க, தூக்கலை."

நடந்ததைச் சொன்னார். மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றில் வைத்தபடி விரல்விட்டு எண்ணினாள்.

"ஒரு வருஷம்னா, அப்ப இதுக்குப் பத்து மாசம் ஆகியிருக்கும்பா."

"ஆகியிருக்கும்," என்றார். "நாற்காலியைத் தூக்க வேற ஆளும் வந்திருக்கும்."