ஐந்து அரபு வருஷம்

சூரியன் பூமியை விழுங்கப்போகிற தேதி எனக்கு மூன்றாம் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. புனே பக்கம் தேஹு ரோட்டில் எங்கள் சபையின் போதகர், உலகம் முடிகிற நாள் ஒருவருக்கும் தெரியாது என்று பிரசங்கம் செய்வார். நான் மூன்றாவது பெஞ்சில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இத்தனை படித்தவருக்கு இது தெரியவில்லையே என்று பரிதாபப்படுவேன்.

அந்த வருஷம் ஜனவரிக் கடைசியில் யாரோ எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கறுப்புக் கூடாரத்தைக் கொண்டுவந்தார்கள். ஹாலுக்குள்ளே அதைக் காற்றடித்து நிறுத்தியிருந்தார்கள். தவழ்ந்துதான் உள்ளே போகவேண்டும். உள்ளே ஒரே இருட்டு, சாக்ஸ் நாற்றம், தலைக்கு மேலே நட்சத்திரம். ஒரு கனத்த ஆண்குரல் இந்தியில் பேசத் தொடங்கியது. நிலா ஒவ்வொரு வருஷமும் நம் நகம் வளர்கிற அளவு நம்மை விட்டுத் தள்ளிப் போகிறது என்றது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிறகு கூரையில் சூரியன் வந்தது. வந்தது வீங்கியது. சிவந்து, பெருத்து, கடல்கள் வற்றி, கடைசியில் நாங்கள் உட்கார்ந்திருந்த இடம்வரை வந்து பூமியை அப்படியே வாயில் போட்டுக்கொண்டது. இது எப்போது நடக்கும் என்பதையும் அந்தக் குரல் ஒளிக்காமல் சொன்னது. "பாஞ்ச் அரப் சால் பாத்." ஐந்து அரபு வருஷம் கழித்து என்று எனக்கு அர்த்தமானது.

வெளியே வந்தால் வெயில் எப்போதும்போல அடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் உதட்டில் விரல் வைத்து வரிசையில் போகச் சொன்னார். என் சிநேகிதி, இன்றைக்கு டிபனில் என்ன என்று கேட்டாள். எல்லாம் எரிந்து சாம்பலாகப் போகிறது என்று இப்போதுதானே கேட்டாள், அதற்குள் இவளுக்கு டிபன் என்ன வேண்டிக்கிடக்கிறது?

வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, காய்காரியிடம் மராத்தி, பள்ளியில் இங்கிலீஷ் என்று நாலு மொழியையும் அரைகுறையாகப் பேசி வளர்ந்த பிள்ளை நான். இந்தியில் லட்சத்துக்கு லாக் தெரியும், கோடிக்குக் கரோட் தெரியும். அதற்கு மேலே எண்ணிக்கை உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் 'அரபு' நான் தினம் கேட்கிற சொல். அப்பா அரபு நாட்டில் வேலை பார்த்தார். சாயங்கால ஜெபத்தில் அம்மா ஒருநாள் தவறாமல், "ஆண்டவரே, அரபு நாட்டுல இருக்கிற இவ அப்பாவ இந்த அஞ்சு வருஷமும் ஒரு குறையுமில்லாமக் காத்துக்கொள்ளும்" என்று சொல்லுவாள். கிறிஸ்துமஸுக்கு வந்த அப்பா, திரும்பிப் போகும்போது எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டுப் போன கணக்கு அது. இன்னும் அஞ்சே வருஷம், பிறகு பெட்டியைப் பரண்மேல் போட்டுவிடுவேன், போகவே மாட்டேன் என்றார். இடையில் லீவுக்கு வருவார்தான். ஆனால் வந்து போவது வேறு, வந்துவிடுவது வேறு என்று எனக்குத் தெரியும்.

ஆக, அப்பா வந்துவிடவும் ஐந்து வருஷம், பூமி போய்விடவும் ஐந்து வருஷம். எது முந்தி என்பதுதான் என் கவலை. அரபு வருஷம் என்றால் எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த பாய் மாமாவிடம் போனேன். அவர் கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர். அவர் மகனும் அப்பாவின் கம்பெனியில்தான் இருந்தார்.

"பாய் மாமா, அரபு வருஷம்னா எவ்வளவு?"

அவர் பொட்டலம் மடிக்கிறதை நிறுத்திவிட்டு என்னைச் சந்தோஷமாகப் பார்த்தார். "நம்ம வருஷத்தவிட பத்துப் பதினோரு நாள் கொறைவும்மா. பிறையப் பாத்துல்லா கணக்கு! ஸ்கூல்ல இதெல்லாமா சொல்லித் தாராங்க?" என்று ஒரு மிட்டாயும் கொடுத்தார். நான் கேட்ட தப்பான கேள்விக்கு அவர் மிகச் சரியான பதில் சொன்னார்.

ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஐந்து பதினொன்று ஐம்பத்தைந்து. அப்பா போய் அன்றைக்கு இருபத்தொரு நாள். கழித்தால் முப்பத்து நான்கு. அப்பா வருவதற்கு முப்பத்து நான்கு நாள் முன்னாலேயே சூரியன் எங்களை விழுங்கிவிடும். இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். கணக்கில் எப்போதும் கோட்டை விடுகிற எனக்கு அன்றைக்கு இரண்டு தடவையும் ஒரே விடை வந்தது. அப்பாவின் பெட்டி பரணுக்கு ஏறவே ஏறாது என்று எனக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் வரும். அந்த வெள்ளி, அம்மா மொட்டைமாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். நான் எடுத்தேன். எடுத்ததும் சொல்லிவிட்டேன்.

"அப்பா, அஞ்சு வருஷம்லாம் கிடையாதுப்பா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு அப்பா, "ஏட்டி, யாரு சொன்னா?" என்று கேட்டார்.

"பாய் மாமா."

"அவர் மகன் சொல்லியிருப்பான்." அப்பா தனக்குள்ளே பேசுவதுபோல் இருந்தது. "அம்மாட்ட சொல்லிட்டியா?"

"இல்லப்பா. அம்மா பயந்துருவாங்க."

"ஆமா. நீ ஒண்ணும் சொல்லாத, என்ன? சமயம் பாத்து நானே சொல்லுதேன்."

எனக்கு மலைப்பாக இருந்தது. அப்பாவுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது! அரபு நாட்டிலேயே இருக்கிறவருக்கு அரபு வருஷம் தெரியாமல் இருக்குமா? அம்மா பயப்படக்கூடாது என்று இத்தனை பெரிய விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டு, கிறிஸ்துமஸுக்கு எங்களோடு சிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். இனி அது எங்கள் இரண்டு பேருக்குமான இரகசியம். அடுத்த இரண்டு வாரமும் நான் அம்மாவிடம் அடம்பிடிக்கவில்லை. தட்டில் வைத்த பாகற்காயைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றேன். அம்மா என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

பிறகு ஒரு ஞாயிறு, கோவில் ஆராதனை முடிந்து வந்து மத்தியானம் மாமாவும் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். மாமா அம்மாவின் அண்ணன், ராணுவ டிப்போவில் கிளார்க். கோழிக்குழம்பை ஊற்றிக்கொண்டே, "பிள்ள பெரிசாகி என்ன படிக்கப் போற?" என்று கேட்டார்.

"படிச்சு என்ன மாமா? அஞ்சு அரபு வருஷத்துல சூரியன் எல்லாத்தையும் முழுங்கிருமே."

மாமா விடுவாரா? கூடாரத்திலிருந்து பதினொரு நாள் கணக்குவரை ஒவ்வொன்றாகக் கறந்துவிட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். எலும்பு தொண்டையில் மாட்டிக்கொள்கிற சிரிப்பு. இடது கையால் பேனாவை எடுத்து, பேப்பர் ஓரத்தில் கோணல்மாணலாக ஒரு ஐந்து போட்டு, அதற்குப் பின்னால் சுழியாகப் போட்டுக்கொண்டே போனார். "அரபு இல்லட்டி, அரப்! நூறு கோடி. அஞ்சு அரப்னா ஐநூறு கோடி வருஷம். அதுக்குள்ள நீ எத்தன தடவ பரிட்சையில பெயிலாகலாம்!" ஒன்பது சுழி. அம்மாவும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, முந்தானையால் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

பூமி பிழைத்துவிட்டது. அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லோருமாகச் சேர்ந்து என்னை முட்டாளாக்கிவிட்டார்கள். எனக்கும் ஒரு சாட்சி உண்டு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அப்பாவுக்கே தெரியும்!" என்று கத்தினேன். "அஞ்சு வருஷம்லாம் கிடையாதுன்னு நான் சொன்னேன். அம்மாட்ட சொல்லாத, சமயம் பாத்து நானே சொல்லுதேன்னாங்க!"

சிரிப்பு நின்றது. அம்மா முந்தானையை இறக்கினாள். கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"எதச் சொல்லுதேன்னாங்க?"

நான் போனில் பேசியதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். பாய் மாமா மகனைப் பற்றி அப்பா முணுமுணுத்ததையும் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்தாள்.

"அண்ணே, உனக்குத் தெரியுமா?"

மாமா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பிட்டுட்டுப் பேசுவோம், பிள்ள" என்றார். அம்மா எழுந்து, கைகூடக் கழுவாமல், போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை தருகிறோம், ரிட்டயர் ஆகும்வரை இங்கேயே இருப்பதாக எழுதிக்கொடு என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார்கள். அப்பா எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தார். ஐந்து அல்ல, இருபத்திரண்டு வருஷம். இதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் கண்டது சாத்தின கதவையும், ஆறிப்போன குழம்பையும், பேப்பரில் அந்த ஒன்பது சுழிகளையும்தான். என்னைத் திட்டப்போகிறார்கள் என்று பயந்து மாமாவிடம் ஒட்டிக்கொண்டேன். அவர் என் தலையைத் தடவினார்.

சாயங்காலம் ஜெபத்துக்கு அம்மா வழக்கம்போலப் பாயை விரித்தாள். முகம் கழுவியிருந்தாள், தலைகூட வாரியிருந்தாள். முழங்கால் போட்டோம். "ஆண்டவரே, அரபு நாட்டுல இருக்கிற இவ அப்பாவ..." என்று தொடங்கியவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள். வெளியே ஷேர் ஆட்டோக்காரன் ஸ்டேஷன், ஸ்டேஷன் என்று கூவிக்கொண்டிருந்தான். கொஞ்சநேரம் கழித்து அம்மா, "காத்துக்கொள்ளும், ஆமென்" என்று முடித்துவிட்டாள்.

அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். பூமிக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, அப்பா சொன்னபடி வந்துவிடுவார் என்ற நிம்மதியில், மூடியிருந்த ஒரு கண்ணைத் திறந்து அவள் கையைச் சுரண்டினேன்.

"அம்மா, அஞ்சு வருஷத்த விட்டுட்டீங்க" என்றேன்.