முப்பது டிகிரிக்கு இரண்டு ஐஸ் பார்

மே மாதத்து சனிக்கிழமை மதியம், மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் புது வாஷிங் மெஷின் வந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மனைவிக்கு வலது தோள்பட்டை இறுகிப் போயிருந்தது. துணி பிழியவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் பிழிந்துகொண்டுதான் இருந்தாள். மெஷின் மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

"ஒரே ஒரு டெஸ்ட்டு. நாளைக்கு சர்ச்சுல பாடறதுக்குக் கட்டணுமே, அந்தப் புடவையப் போடுங்க. பார்டர் சாயம் இறங்காம வந்தா, இனிமே எல்லாத்தையும் இதுக்கே குடுத்துடறேன். இறங்கிச்சுன்னா என் தொவைக்கிற கல்லு எனக்கு. அப்புறம் நீங்க தோளு கீளுன்னு வாயத் தொறக்கக் கூடாது."

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எப்போதும் சுலபம். ஆனால் அந்தத் தோளோடு அவள் ராத்திரியெல்லாம் புரள்வதைப் பக்கத்தில் படுத்துப் பார்க்கிறவன் நான்.

புடவை வெள்ளை, கரை அரக்குச் சிவப்பு. முப்பது டிகிரிக்கு மேல் சூடு படக் கூடாது என்று அதன் ஓரத்தில் தைத்திருந்த துணித்துண்டில் போட்டிருந்தது. மெஷினைப் பொருத்த வந்தவரிடம் முப்பதைக் காட்டச் சொன்னேன். அவர் குழாயைத் திறந்து தண்ணீரில் விரல் வைத்து, உடனே எடுத்துவிட்டார்.

"சார், மெஷின் தண்ணியச் சூடு பண்ணும். ஆற வைக்காது. கோல்டுன்னு வச்சா ஹீட்டர் ஓடாது, அவ்ளோதான். உங்க மொட்டமாடித் தொட்டி என்ன குடுக்குதோ அதுதான் கோல்டு."

எங்கள் தொட்டி கறுப்பு. நாள் முழுக்க வெயிலில் நிற்கும். அவர் போன பிறகு ஒரு மக்கில் தண்ணீர் பிடித்து, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். அது எண் எதுவும் காட்டாமல் கத்தியது. மனிதனுக்கு வரக்கூடிய காய்ச்சலைத் தாண்டிய தண்ணீர்.

ஆற வைக்க வேண்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். சேலையூர்ப் பக்கம் ஐஸ் கடைக்குப் போய் இரண்டு பார் வாங்கி, கோணியில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "யாருக்கு சார்?"

புடவைக்கு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. "வீட்டுக்குத்தான்," என்றேன்.

அவர் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். சேலையூர் ஏரி தாண்டியது. அப்புறம் மெதுவாக, "இப்போல்லாம் ஃப்ரீசர் பொட்டியே வாடகைக்குக் கெடைக்குது சார். ஐஸ் பாரு யாரும் வைக்கறதில்ல," என்றார். நான் தலையை ஆட்டினேன். எங்கள் ஊரில் ஐஸ் பார் ஒரு வீட்டுக்கு எதற்குப் போகும் என்பது அப்போதுதான் உறைத்தது. விளக்கம் சொல்வதற்குள் வீடு வந்துவிட்டது.

வாசலில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாரைத் தூக்கிக்கொண்டார். நான் இன்னொன்றை எடுத்துக்கொண்டு மாடிப்படியைக் காட்டினேன்.

"மேலயா வச்சிகீறீங்க?"

"ஆமா. தொட்டியில."

அவர் பாரை மொட்டைமாடி வாசலிலேயே இறக்கிவிட்டு, காசுகூட வாங்காமல் கீழே ஓடினார். நான் ஐஸைக் கழுவி, உடைத்து, தொட்டியில் போட்டு, துடைப்பக் கட்டையால் கலக்கினேன். தெர்மாமீட்டர் இந்தத் தடவையும் எண் காட்டவில்லை. ஆனால் கத்தவும் இல்லை. கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது.

கீழே வந்தபோது எதிர்வீட்டு பாய் எங்கள் வராந்தாவில் பிளாஸ்டிக் சேர்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், தெருவில் எந்த வீட்டுக் காரியத்துக்கும் முதலில் சேரோடு வருபவர். அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆட்டோக்காரர் சொன்னாரு. மனசத் தேத்திக்குங்க சார்."

"தேங்க்ஸ் பாய்," என்றேன்.

அந்த நேரத்தில் மனைவி புடவையும் கையுமாக வெளியே வந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். வீட்டுக் கணக்கு சரியாக இருந்தது.

"அய்யோ, யாரு பாய் போயிட்டாங்க?" என்றாள்.

"அதாம்மா, நாங்களும் எப்படிக் கேக்கறதுன்னு உக்காந்திருக்கோம்."

நான் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. முப்பது டிகிரி, தொட்டி, ஐஸ், எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மட்டும், "காலைல அஞ்சு மணிக்குப் போட்டிருந்தா தண்ணி தானா ஜில்லுன்னு இருந்திருக்கும்," என்றார்.

"காலைல மெஷினே வரலையேக்கா," என்றாள் மனைவி, எனக்காக.

வந்தவர்கள் எழுந்து போகவில்லை. மெஷின் வராந்தா ஓரத்தில்தான் இருந்தது. பாய் சேர்களை அதன் பக்கம் திருப்பிப் போட்டார். புடவையை உள்ளே வைத்து முப்பதை அமுக்கினேன். கண்ணாடிக்குப் பின்னால் அது சுற்றுவதை எல்லோரும் துக்க வீட்டு அமைதியோடு பார்த்தோம். ஒருவர் மெல்லிய குரலில், "எவ்ளோ நேரம் ஆகும்?" என்று கேட்டார். அதையும் துக்க வீட்டில் கேட்பது போலவே கேட்டார்.

நின்றதும் மனைவி கதவைத் திறந்தாள். ஈரக் கரையைத் தன் வெள்ளைக் கைக்குட்டைமேல் வைத்து அழுத்தினாள். கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பாய் எட்டிப் பார்த்தார். வெள்ளையாகவே இருந்தது.

அவள் உள்ளே போனாள். திரும்பி வரும்போது இடது கையில் பெட்ஷீட்டுகளும் தலையணை உறைகளும் இருந்தன. வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுக்கு எத்தன டிகிரி?" என்றாள்.