ஒரு வாயாடிக்குச் செய்த சொற்பலகை

மட்டக்களப்பு நகரத்தில் ஓர் அச்சகத்தில் பக்கம் கட்டுவது என் வேலை. கலியாண அட்டை, கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல், எது வந்தாலும் கணினியில் எழுத்தை அடுக்கி ஒழுங்கு செய்து கொடுப்பேன். வேலைக்கென்று எழுத்து வடிவங்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கியவள், அங்கிருந்து எங்கெங்கோ போய்விட்டேன். வீதிப் பலகையில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், கரண்டிப் பிடி ஏன் வளைந்தது, கைத்தொலைபேசி அடுத்த சொல்லை எப்படி ஊகிக்கிறது, ஒரு வசனத்தில் எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று கண்டதையும் வாசிப்பேன். ஒழுங்கு கிடையாது. வவுணதீவிலிருந்து பாலம் கடந்து நகரத்துக்குப் போகும் பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தால் இருந்து வாசிப்பு, கிடைக்காவிட்டால் நின்று வாசிப்பு.

என் கணவர் புத்தகம் தொட மாட்டார். வட்டையில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. பகலெல்லாம் அங்கே நிற்பார், பொழுதுபட்டால் என் வாயைக் கிளறுவார். கரண்டிப் பிடிக்கு ஒருவர் முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார் என்று சொன்னபோது, அந்த ஆள் ஒரு நாளாவது சோறு ஆக்கியிருப்பானா என்று கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவருக்குப் பதில் சொல்வதற்காகவே அந்தப் புத்தகத்தை முடித்தேன்.

போன வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை போனது, கதையும் போனது. மற்றவர்கள் சொல்வது எல்லாம் விளங்குகிறது, சின்னச் சொற்களை வாசிக்கிறார், ஆனால் வாயைத் திறந்தால் ஒரே ஒரு சத்தம்தான் வருகிறது. ஆசுபத்திரி விறாந்தையில் வைத்து டொக்டர் என்னிடம் தனியே சொன்னார், கால் தேறிவிடும், கதை திரும்பி வராமலும் போகலாம் என்று. நான் கட்டிலடிக்கு வந்து, அடுத்த மாரி விதைப்புக்குள் கதைத்துவிடுவீர்களாம் என்று சொன்னேன். பிறகு தினமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். வேறென்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வாசித்தவளுக்குக் கை சும்மா இருக்குமா? முதலில் கைத்தொலைபேசியில் ஒரு செயலியைப் போட்டேன். படத்தைத் தொட்டால் அது பேசும். அவர் தண்ணீர்க் குவளையின் படத்தைத் தொட்டார். உள்ளேயிருந்து ஒரு பெண், செய்தி வாசிப்பது போல, "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றாள். அவர் கைத்தொலைபேசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அதைப் போர்வைக்குள் தள்ளிவிட்டார். எனக்கும் அந்தக் குரல் பிடிக்கவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பிள்ளை, ஒரு மட்டையில் சொற்களை அச்சடித்து விரலால் காட்டச் சொல்லலாமே என்றாள். அது என் தொழில் அல்லவா. அச்சகத்தில் வேலை முடிந்த பிறகு இருந்து செய்தேன். படித்ததையெல்லாம் அதில் இறக்கினேன். எழுத்து பெரிது, சொற்களுக்கிடையில் நல்ல வெளி, இடது கை எட்டும் பக்கத்தில் முக்கியமானவை. எழுதுவது பற்றிய புத்தகங்கள் வெட்டு, இன்னும் வெட்டு என்கின்றன. வெட்டினேன். தண்ணி, சோறு, மருந்து, நோகுது, கக்கூசு, போதும் என்று கொஞ்சம் சொற்கள் மிஞ்சின. லமினேட் பண்ணி மூலையை வட்டமாக வெட்டிக் கொண்டுவந்தேன். அச்சக முதலாளியே எடுத்துப் பார்த்து, வடிவாக இருக்கிறது என்றார்.

இவர் இரண்டொரு நாள் மரியாதைக்குத் தொட்டார். பிறகு குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டார். நிமிர்த்தி வைத்தால் மறுபடியும் கவிழ்த்தார். எனக்கு வந்த கோபத்துக்கு, பேசாமல் படுங்கள் என்று கத்திவிட்டு, பேசாமல் படுத்திருக்கும் மனிதரிடம் இதைச் சொன்னேனே என்று குசினிக்குள் போய் நின்றேன்.

அந்தக் கிழமை அவருடைய தங்கை வந்தாள். எங்கள் வயலை இந்தச் சிறுபோகம் அவளுடைய புருசன்தான் பார்க்கிறார். புல் பிடுங்கியாயிற்று, தண்ணீர் நேரத்துக்கு வருகிறது, பயிர் கரும்பச்சையாக நிற்கிறது என்று மச்சாள் அடுக்கிக்கொண்டே போனாள். இவர் அந்த ஒற்றைச் சத்தத்தை எழுப்பினார், இடது கையால் கட்டில் சட்டத்தில் அடித்தார். அவள் பயந்துபோய் எழும்பினாள்.

"என்ன அண்ணன், தண்ணியா? பசிக்குதா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் தா என்று இந்த மனிதர் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. தாகம் வந்தால் எழும்பிப் போய்ப் பானையில் அள்ளிக் குடிப்பார். வாயை அவர் வைத்திருந்தது அதற்கல்ல. குறுக்கே விழ, சீண்ட, கிண்டிக் கிண்டிக் கேட்க. நான் ஒரு நோயாளிக்குப் பலகை செய்திருந்தேன். ஒரு பொருளைச் செய்ய முதல் அதைப் பாவிக்கப் போகிறவரின் ஒரு நாளைப் பார் என்று நான் வாசித்த புத்தகங்களில் பாதிக்கு மேல் சொல்கின்றன. அந்த வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடுகூடப் போட்டிருக்கிறேன்.

இரண்டாவது பலகையில் கணக்குப் பார்க்காமல் சொற்களைப் போட்டேன். பொய். ஆர் சொன்ன? விசர்க் கதை. வாயப் பொத்து. மறுகா. எங்கள் பக்கத்தில் கதை கேட்பவர் 'மறுகா' என்றால், பிறகு என்ன நடந்தது, சொல்லு என்று அர்த்தம். தண்ணியையும் சோற்றையும் கீழே ஒரு வரிசைக்குத் தள்ளினேன். பலகை நெருக்கமாக, கண்ணுக்குக் குத்துகிற மாதிரித்தான் இருந்தது. அச்சகத்தில் ஒருவருக்கும் காட்டவில்லை.

அடுத்த முறை மச்சாள் வந்து, புல்லெல்லாம் துப்புரவு என்று தொடங்கியதும் விரல் 'பொய்'யில் போய் நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். விரல் 'மறுகா'வுக்குத் தாவியது. வாய்க்கால் ஓரம் மட்டும் கொஞ்சம் மிச்சம் கிடக்கிறது என்று இழுத்தாள். அவர் பாதி வாயால் சிரித்தார். எனக்குத் துள்ளவேண்டும் போல இருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. மீன் விலை சொன்னால் 'ஆர் சொன்ன?', நான் வாசித்ததைச் சொன்னால் 'விசர்க் கதை'. பஸ்ஸில் வரும்போதே இன்றைக்கு எதைச் சொல்லி வாங்கிக் கட்டலாம் என்று யோசிக்கத் தொடங்கினேன். சந்தோசமாக இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவருடைய வலது கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மச்சாளின் புருசன் அறுவடைக்கு வெட்டு மெசினுக்குச் சொல்லிவைப்பது பற்றி யாருடனோ கதைத்துக்கொண்டு நின்றார். நான் வழக்கம்போல, இனி என்ன, மாரி விதைப்புக்குள் நீங்களே நின்று சத்தம் போடுவீர்கள் என்றேன்.

விரல் 'பொய்'யில் வந்து நின்றது.

பகிடிக்குத்தான் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. விரலை எடுக்கவும் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சீலையில் துடைத்தேன். அதற்குள் விரல் மெல்ல நகர்ந்து 'மறுகா'வுக்குப் போயிருந்தது.

சொன்னேன். விறாந்தையில் டொக்டர் சொன்னது, அவர் சொன்ன மாதிரியே. கதை வராமலும் போகலாம் என்றதையும், எத்தனை மாதத்துக்குப் பிறகு நம்பிக்கை குறையும் என்றதையும் சொன்னேன். அந்த மாதங்கள் முடிந்துவிட்டதையும் நானே சொன்னேன். இவர் கேட்டுக்கொண்டிருந்தார், கண் கலங்கியது, துடைக்கவில்லை. நான் அழுதேன். நான் முடித்ததும் விரல் அதே சொல்லை இன்னொரு தரம் தட்டியது.

"மறுகா ஒண்டும் இல்ல," என்றேன். "நான் இரிக்கன்."