பச்சைக் குடத்துக்குப் போட்ட ஒட்டு

பிளாஸ்டிக் குடம் அவனியாபுரத்தில் எங்கள் தெருவுக்கு வந்த புதிதில், எல்லோரும் அதைப் புது மருமகளைப் பார்ப்பது போல ஓரக்கண்ணால்தான் பார்த்தார்கள். அம்மாவுக்கு மட்டும் அது இல்லாமல் ஆகாது. தம்பி அப்போது வயிற்றில் இருந்தான். பித்தளைக் குடம் தூக்கவே கூடாது என்று நர்சம்மா சொல்லியிருந்தார். அதனால் பெரியப்பா சித்திரைத் திருவிழாக் கடையில் ஒரே மாதிரி இரண்டு பச்சைக் குடங்கள் வாங்கி, அம்மாவுக்கு ஒன்றும் பெரியம்மாவுக்கு ஒன்றும் கொடுத்தார்.

வீடு ஒன்று, அடுப்பு இரண்டு. ஓரகத்திகள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு காதுகுத்தில், பிள்ளையில்லாதவள் ஆரத்தி எடுக்க வேண்டாம் என்று பெரியம்மாவை யாரோ ஒதுக்கியபோது, பக்கத்தில் நின்ற அம்மா வாயே திறக்கவில்லையாம். வாய் திறந்தால் சண்டை வரும், அது எனக்கும் தெரியும். திறக்காததற்கு எப்படி வந்தது?

இந்த லட்சணத்தில் ஒருநாள் அம்மா குடத்தை எரிகிற அடுப்போரம் வைத்துவிட்டாள். விலாவில் ஓட்டை. நெருப்பில் போனதை நெருப்பிலேயே ஒட்டலாம் என்று, உடைந்த சோப்பு டப்பாவில் ஒரு துண்டை ஓட்டைமேல் வைத்து, பழுக்கக் காய்ச்சிய தோசைக்கரண்டியால் தேய்த்தாள். புகை வந்தது, நாற்றம் வந்தது. ஆறியதும் துண்டு பொருக்குப் போலக் கழன்று விழுந்தது. குழாயில் தண்ணீர் நின்றுபோகிற நேரம். அம்மா பித்தளைக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள்.

அடுத்த அடுப்பிலிருந்து பெரியம்மா என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏண்டி, ஒங்காத்தாளுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? கீழ வைக்கச் சொல்லு! சோப்பு டப்பா எங்கிட்டு ஒட்டும்? குடத்துக்குக் குடந்தேன் ஒட்டும்."

"அம்புட்டுந் தெரிஞ்சவுக வந்து ஒட்டலாம்ல," என்று அம்மா சுவரிடம் சொன்னாள்.

பெரியம்மா தன் குடத்தைக் கொண்டுவந்தாள். ஒரு கீறல்கூட இல்லாத குடம். சூடுபோட்ட கத்தியால் அதன் வாய் விளிம்பில் ஒரு துண்டை அறுத்தாள். துண்டையும் ஓட்டையின் ஓரத்தையும் சேர்த்து இளக்கி, கரண்டியின் முதுகால் அழுத்தி, ஈரத்துணியைப் போட்டாள். தண்ணீர் ஊற்றினால் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"நல்ல கொடத்தை எதுக்குப் பெரியம்மா அறுத்தீக?" என்றேன்.

"போடி, வேலையத்தவளே!"

அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாமல், வாய் போன குடத்தோடு போய்விட்டாள்.

தம்பி பிறந்த அன்று சேனை வைக்க வேண்டியிருந்தது. குழந்தையின் நாக்கில் தொட்டுவைக்கிற முதல் சீனித்தண்ணீர் அது. வைப்பவரின் குணமே பிள்ளைக்கு வரும் என்று ஆள் பார்த்துத்தான் விடுவார்கள். அத்தை கிண்ணத்தோடு தயாராக வந்தார்.

படுத்திருந்த அம்மா சொன்னாள்: "இருங்க மதினி. எங்க அக்கா வைக்கட்டும்."

சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசற்படியில் நின்ற பெரியம்மா அசையவே இல்லை. அம்மா இன்னொரு தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்து, விரலை நனைத்து, தம்பியின் நாக்கில் வைத்தாள்.

வீறிட்டுக்கொண்டிருந்த தம்பி சப்புக்கொட்டி அடங்கிவிட்டான். அவன் அடங்கியதும் பெரியம்மா ஏன் அழ ஆரம்பித்தாள் என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.