ஜெர்சி முதுகில் ‘ஃபார் அவுட்’

இளைஞர் மன்றப் பலகையில் இதை ஒட்டுகிறேன். நம் தோட்டத்து லயத்துக் கால்பந்துக் குழு கட்டாயம் படிக்கவும்.

இன்று தானா ராத்தா போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பையன். ஜன்னல் வழியே நம் தேயிலை மலையைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

விடுவேனா? “ஃபார் அவுட், மேன்!” என்றேன், பஸ்ஸுக்கே கேட்கும்படி.

அவன் சிரித்துவிட்டான். கேலியாகக்கூட இல்லை. “எங்கப்பாதான் இன்னும் அப்படிச் சொல்வாரு” என்றான் இங்கிலீஷில்.

‘பிரமாதம்’ என்பதற்குப் புத்தம்புது இங்கிலீஷ் இதுதான் என்று உங்களுக்கெல்லாம் பாடம் நடத்தியவன் நான். படித்ததோ துரை பங்களாவில் கழித்துப்போட்ட பத்திரிகைகளில். அவை எந்த வருடத்தவை என்று பார்க்கவே இல்லை.

முன் சீட்டிலிருந்து நம் லெட்சுமி அக்கா திரும்பினார். “என்னடா தம்பி, அவன் ஏன் சிரிக்கிறான்?”

“என் இங்கிலீஷ் நல்லா இருக்காம்க்கா.”

அக்கா எழுந்தே நின்றுவிட்டார். “நம்ம லயத்துப் பையன் லா! இவன் பேசுற இங்கிலீஷு வெள்ளைக்காரனுக்கே புடிச்சுப்போச்சு!”

இறங்கும்வரை என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்போங் ராஜாவில் ஆட்டம். எல்லா ஜெர்சியின் முதுகிலும் அந்த வார்த்தையைப் பெரிதாக அச்சடிக்கச் சொன்னவன் யாரென்று உங்களுக்கே தெரியும். எல்லாம் தயாராகிவிட்டது என்கிறார் பிரிஞ்சாங் அச்சுக்கடைக்காரர்.

உள்புறத்தை வெளியே திருப்பிப் போட்டால் எழுத்து தெரியுமா? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

அக்காவும் ஆட்டம் பார்க்க வருகிறாராம். அவரிடம் மட்டும் யாரும் வாய் திறக்காதீர்கள்.