கஞ்சித்தண்ணியில் இருந்த கடல்

பஹ்ரைனில் இப்போது என் காலை சும்மா இருப்பதில்தான் தொடங்குகிறது. எழுந்து ஐந்து நிமிடம் பேசக் கூடாது, காலை ஆட்டக் கூடாது. பிறகு பிரஷர் மெஷினைக் கையில் சுற்ற வேண்டும். நான் ஊரில் இனயம் கடற்கரைக்காரன். பதினெட்டு வருடமாக இங்கே லாஞ்சுப் படகில் மீன் பிடிக்கிறேன். கோயிலைத் தவிர வேறெங்கும் சும்மா இருந்ததில்லை.

நெஞ்சடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டார்கள். விழித்தபடியே திரையில் என் இதயத்தைப் பார்த்தேன். எங்கள் பக்கம் ஆறு கடலில் சேரும் வாயைப் பொழி என்போம். மணல் அடைத்துவிட்டால் மண்வெட்டியோடு பத்து ஐம்பது பேர் இறங்குவோம். ஒரு கோடு வெட்டினால் போதும், தண்ணீர் தானே பெருத்துப் பாயும். அதையேதான் திரையில் கண்டேன். வெட்டியவர் ஒரே ஆள். சத்தமில்லை. விரல் நகமளவு கம்பிவலை ஒன்றை உள்ளே விட்டுவிட்டு வந்தார்கள். இன்றும் நம்ப முடியவில்லை.

அதன் பிறகு பிரஷர் ஓரிடத்தில் நிற்கவில்லை. காலையில் தொண்ணூறு, சாயங்காலம் நூற்றெழுபது. அடுத்த மாதம் ஊரில் மகள் கல்யாணம். ஒரு வாரம் அளவு ஒழுங்காக நின்றால்தான் விமானம் ஏறக் கடிதம் தருவேன் என்றார் அரபு டாக்டரம்மா. "மில்ஹ்?" என்று கேட்டார். உப்பு. "மாஃபி" என்றேன். இல்லை. பொய்யில்லை, குழம்பில் ஒரு கல் உப்பு போடவில்லை. அவர் மாத்திரையைக் கூட்டினார். காலையில் தலை இன்னும் சுற்றியது.

தலை சுற்றினால் எங்கள் ஆட்களுக்கு ஒரே மருந்துதான். அறையில் கூட இருக்கும் ஊர்க்காரன் அந்தோணி, செம்பு நிறையக் கஞ்சித்தண்ணி ஊற்றிக் கல்லுப்பை அள்ளிப் போட்டான்.

"குடி மக்கா. இதக் குடிச்சிட்டுதான நம்ம அப்பன்மாரு கடல்ல கிடந்தாவ."

குடித்தால் நிமிர்ந்துவிடுவேன். தினமும் குடித்தேன்.

மனைவி போனில் நான் தின்றது குடித்தது எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். கஞ்சித்தண்ணி வந்ததும், அதில் உப்பு உண்டா என்றாள். உண்டு, அது மருந்துக்கு என்றேன். அவள் விடவில்லை.

"மருந்துக்குப் போட்டா உப்பு இனிக்குமா?"

மறுநாள் அந்தக் கஞ்சித்தண்ணியை ஒரு குப்பியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சொல்ல அரபி போதவில்லை, நீட்டினேன். டாக்டரம்மா மூடியில் ஊற்றி நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். "பஹர்" என்றார். கடல். இத்தனை வருடத்தில் இந்த நாட்டு ஆள் ஒருவர் எங்கள் கஞ்சித்தண்ணியை ருசித்தது அன்றுதான். பிறகு சிரித்தார். மாத்திரையைக் குறைத்தார். உப்பை அடியோடு நிறுத்தினேன். ஏழு நாள் நோட்டில் எழுதினேன். எல்லாம் நூற்றிருபதை ஒட்டி நின்றது. கடிதம் கிடைத்தது.

கல்யாணத்தன்று விடியும் முன்பே இனயத்தில் எழுந்தேன். வீடு முழுக்க ஆட்கள். ஐந்து நிமிடம் சும்மா இருந்தேன். வெளியே கடல் இரைந்தது. நெஞ்சுக்குள் அந்த நாட்டுக் கம்பிவலை வழியாக இந்த ஊர் ரத்தம் ஓடியது. மெஷினில் நூற்றிருபது. அதில் காட்டிய மணி மட்டும் இரண்டரை மணி நேரம் பின்னால், பஹ்ரைன் மணி. அதை மாற்றவில்லை.