முவனாஷா வைத்த மாவு

என் மாமியார் முவனாஷாவுக்கு நடந்ததை எழுத உட்கார்ந்தாலே ஆத்திரம் பொங்குகிறது. நம்புலா மாகாணத்துக் கடற்கரையில், ஆங்கோஷேவுக்குத் தெற்கே எங்கள் ஊர். இங்கே நிலம் பெண்களுடையது. மாப்பிள்ளைகள் நாங்கள் ஒரு பெட்டியோடு வந்து ஒண்டிக்கொள்பவர்கள்.

போர்த்துகீசியர் காலத்தில் சோளம் விளைந்த இடத்தில் பருத்தி போடச் சொன்னார்கள். ஊர் பட்டினி கிடந்தது. பறித்த பருத்தியின் எடை குறைந்ததற்காக அத்தையின் அம்மாவை உள்ளங்கையில் பலகையால் அடித்தார்கள். வீக்கம் வடியும்வரை மரவள்ளிக் களியைப் பிசைந்து ஊட்டியது, சிறுமியாக இருந்த அத்தைதான். சுதந்திரம் வந்தபின் அத்தை முந்திரி ஆலைக்குப் போனார். கொட்டைப் பால் பட்டு விரல்கள் வெந்து, ரேகையே அழிந்துவிட்டது. பிறகு கொட்டையை உடைக்காமல் கப்பலேற்றுவதே லாபம் என்று படித்தவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆலையை மூடினார்கள். மிச்சமிருந்தது மணல். அதற்கும் ஒரு கம்பெனி வந்து சேர்ந்தது.

மணலில் ஏதோ தாது இருக்கிறதாம். அவர்கள் கேட்ட மேட்டில்தான் எங்கள் கல்லறைகளும் மூதாதையர் மரமும் இருந்தன. ஊர்த்தலைவன் சைதே, அத்தையின் சொந்தத் தம்பி. கம்பெனி கொடுத்த மோட்டார் பைக்கில் வந்து இறங்கி, செத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று அக்காவிடம் கெஞ்சினான்.

எதையும் அப்படித்தான் கேட்போம். குலத்தின் மூத்த பெண் சாயங்காலம் மரத்தடியில் சோளமாவைக் கூம்பாகக் குவித்து, சுரைக்குடுக்கையால் மூடிவைப்பாள். விடியும்போது கூம்பு நின்றால் சம்மதம், சரிந்தால் இல்லை. ஒருவன் செத்தால், முன்னோர் அவனைத் தங்களோடு சேர்த்துக்கொள்ளவும் இதே மாவு வைக்க வேண்டும். எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று கேட்ட மாவும் கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது என்று மைத்துனிகள் இன்றும் கிண்டலடிக்கிறார்கள்.

அத்தை மாவு வைத்தார். குடுக்கையால் மூடும் முன் கம்பெனி ஆள் அத்தையின் கையோடு சேர்த்து அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். விடிந்ததும் நாங்கள் குடுக்கையைத் தூக்கிப் பார்த்தோம். மாவு கல்லறைப் பக்கமாகச் சரிந்து தரையோடு கிடந்தது. முடியாது என்று அப்போதே சைதேவுக்குச் சொல்லியனுப்பினார் அத்தை.

மூன்று மாதம் கழித்து மண்வெட்டும் இயந்திரம் வந்தது. அத்தை குறுக்கே நின்றார். கம்பெனி ஆள் ஒரு தாளை நீட்டினான். மூத்த பெண்ணுக்குக் கைநாட்டு வைக்க ரேகை இல்லாததால், மாவு வைத்ததையே சம்மதமாகக் கொள்ளலாம் என்று எழுதி, அந்தப் போட்டோவை ஒட்டியிருந்தார்கள். கீழே சைதேயின் கையெழுத்து.

"அக்கா, கை உன்னோடதுதானே?" என்றான், பைக்கில் கூடவே வந்திருந்த சைதே.

"கேள்வி கேக்க வச்ச மாவுடா அது. பதிலைப் படம் எடுக்க விடியக்காலைல எவன் வந்தான்?"

கம்பெனி ஆள் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு காவலர்கள் அத்தையைத் தோளைப் பிடித்து நகர்த்தினார்கள். எழுபது வயதுப் பெண்ணை! நான் பாய்ந்தேன், என்னையும் மடக்கிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் மரம் விழுந்தது.

அத்தை அழவில்லை. தம்பியின் பைக் அருகே போய் நின்றார்.

"சைதே, நீ செத்தா உனக்கு மாவு வைக்க என் கை வராது. அந்தப் போட்டோவையே உன் குழியில வைக்கச் சொல்லு."

எங்கள் ஊரில் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அவன் பைக்கில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனான். எனக்கு அதுவும் போதவில்லை.